லென்ஸ் கனமா, கடன் கனமா?

மதுரையிலிருந்து தொண்டி போகும் ரோட்டில் சிவகங்கையைத் தாண்டி வந்தால், காளையார்கோவில் வருவதற்கு முன்னாலேயே கோபுரம் வந்துவிடும். ஊர் அப்புறம்தான். பெரிய கோபுரம் ஒன்பது நிலை. பக்கத்திலேயே இன்னொன்று, ஐந்து நிலை. பெரியதைக் கட்டியவர்கள் மருது சகோதரர்கள். மானாமதுரையில் சுட்ட செங்கலை ஜனங்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றியே இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது ஊர்க்கதை. லாரி இல்லை, கிரேன் இல்லை, கை இருந்தது. கோபுரமும் வந்துவிட்டது.

அந்தக் கோபுரத்துக்கு முன்னால் இன்றைக்குக் கழுத்தில் கேமராவோடு இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்று வராது. "என்ன லென்ஸுண்ணே?" என்றுதான் வரும். ஒரு நல்ல படத்தைக் காட்டினாலும் இதே கதைதான். வெளிச்சம் எப்படி விழுந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. "கேமரா நல்ல கேமரா போல..." என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கோபுரத்தைப் பார்த்துவிட்டு "உளி என்ன கம்பெனி?" என்று சிற்பியிடம் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

கேள்வி வேடிக்கையாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் பணம் வேடிக்கை இல்லை. இந்தப் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒரு தம்பியைப் பார்க்கலாம். பெயர் வேண்டாம். வயது இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் படம் எடுப்பான். முதல் கேமராவே அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியது. வளையல் போன வருஷம்தான் வீடு திரும்பியது. இப்போது கூட்டாளி ஒருத்தன் சொல்கிறான்: "மாப்ளே, டூ பாயிண்ட் எய்ட் லென்ஸ் இல்லாம இனிமே பெரிய ஆர்டர் கிடைக்காதுடா." அந்த லென்ஸின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தம்பிக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வளையல் மறுபடி அடகுக்கடைக்குப் போக வேண்டுமா?

இதுதான் விஷயம். வேகமான, விலை கூடிய லென்ஸ் உண்மையிலேயே தேவையா?

முதலில் கொஞ்சம் பாடம். போட்டோகிராபி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம் :-) லென்ஸின் மேல் எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6 என்றெல்லாம் எண்கள் இருக்கும். லென்ஸின் குவியத் தூரத்தை வெளிச்சம் நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் இந்த எண். எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரியது. 200 மி.மீ. லென்ஸில் எஃப் 4 என்றால் விட்டம் 50 மி.மீ. அதே லென்ஸ் எஃப் 2.8 ஆக வேண்டுமென்றால் விட்டம் ஏறக்குறைய 71 மி.மீ. இப்படி ஒரு படி இறங்கினால் உள்ளே வரும் வெளிச்சம் இரண்டு மடங்கு. வெளிச்சம் கூடினால் ஷட்டரை வேகமாக மூடலாம். அதனால்தான் இதற்கு "வேக லென்ஸ்" என்று பெயர். லென்ஸ் எங்கேயும் ஓடுவதில்லை.

துவாரம் பெரிதானால் கண்ணாடியும் பெரிதாகும். பெரிய கண்ணாடியின் ஓரம்வரை படம் பிசிறாமல் வர வேண்டுமென்றால் உள்ளே இன்னும் பல கண்ணாடிகள் சேர்க்க வேண்டும். கேனான் கம்பெனியின் 70-200 லென்ஸ் எஃப் 4 வகையில் சுமார் 780 கிராம். எஃப் 2.8 வகையில் சுமார் 1480 கிராம். ஒரே ஒரு படிக்காக எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு. விலை ஏறுவதும் இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. பெரிய கண்ணாடியைப் பிழையில்லாமல் தேய்த்துச் செய்வது சுலபமான வேலை இல்லை. அந்தக் காசுக்கு அந்தச் சரக்கு உண்டு.

சரக்கு நல்லதா என்று கேட்டால் நல்லதுதான். ஆனால் அது யாருக்கு, எந்த வேலைக்கு? கோபுரத்தை வைத்தே பரீட்சை செய்து பார்க்கலாம்.

நல்ல வெயில். ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு வாய்ப்பாடு உண்டு: வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐ.எஸ்.ஓ. எண் எவ்வளவோ அதில் ஒரு பங்கு நொடி ஷட்டர். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு. எஃப் 8க்கு வந்தால் நாலு மடங்கு வெளிச்சம், ஆகவே நொடியில் நானூறில் ஒரு பங்கு. கை நடுங்கினால்கூடப் படம் நடுங்காது. எஃப் 8இல் கேமராவோடு சும்மா வரும் 18-55 லென்ஸும் லட்ச ரூபாய் லென்ஸும் எடுத்த படத்தை அச்சடித்து ஆல்பத்தில் ஒட்டினால், எது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். லட்ச ரூபாய் கொடுத்தது எஃப் 2.8க்காக. அந்த எஃப் 2.8 வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

சரி, ராத்திரி? கோபுரத்தில் விளக்கு போட்டிருக்கும் நேரம்? அப்போதும் தேவைப்படுவது வேக லென்ஸ் இல்லை, மூன்று கால் ஸ்டாண்டு. கோபுரம் எங்கேயும் ஓடிவிடாது. எஃப் 8 வைத்துச் சில நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும்.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறார். லின்னேயஸ் டிரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் ஒரு கேப்டன். சென்னை அரசாங்கத்தின் அதிகாரபூர்வ போட்டோகிராபராக 1857 கடைசியில் கிளம்பி மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். படங்கள் 1858இல் தொகுப்புகளாக வெளிவந்தன. அவரிடம் இருந்தது மெழுகு தடவிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் சுமார் 12க்கு 15 அங்குலம். வெளிச்சத்தை ரொம்ப மெதுவாக வாங்கும் சரக்கு. நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாகச் செய்தார். இன்றைய போனில் இருக்கும் 'பனோரமா' வேலையைத்தான் மனிதர் அன்றைக்கே கையால் செய்திருக்கிறார். கல் அசையாது என்பது அவருக்குத் தெரியும். அவசரமும் இல்லை.

டிரைப் கதைக்கு வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வால் உண்டு. 1859இல் சென்னைக்குப் புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். 1857 கலகத்துக்குப் பிறகு அரசாங்கக் கஜானா இருந்த நிலையில் போட்டோகிராபி ஆடம்பரம் என்று சொல்லி, அந்த வேலையையே நிறுத்திவிட்டார். படம் நன்றாக இல்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. செலவுதான் இடித்தது. ஆக, கேமராவும் கணக்கும் மல்லுக்கட்டுவது நேற்று ஆரம்பித்ததில்லை.

இதுவரை படித்துவிட்டு "அப்போ வேக லென்ஸ் வெறும் பந்தா" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கோபுரத்தை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் கதை மாறும்.

விடியற்காலை முகூர்த்தம். மண்டபத்தில் மஞ்சள் விளக்கு, ஹோமப் புகை. கெட்டிமேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். சில நொடிதான். பொண்ணின் கண்ணில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்தச் சில நொடிக்குள். ஸ்டாண்டு இங்கே பிரயோஜனமில்லை. கேமரா அசையாமல் இருந்தாலும் மனிதர்கள் அசைவார்களே. நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காவது ஷட்டர் வேண்டும். எஃப் 5.6 லென்ஸ் அங்கே முனகும். தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியாது. வேக லென்ஸ் தேவைப்படும் இடம் இது.

வேக லென்ஸுக்கான தேவை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சினிமாவில் ஒரு கதை உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளியிட்ட 'பேரி லிண்டன்' படத்தில் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க ஆசைப்பட்டார். அப்போதைய ஃபிலிமின் வேகம் 100. கழுவும்போது ஏற்றி 200 ஆக்கினார்கள். அதற்கு மேல் போக வழியில்லை. ஆகவே அமெரிக்காவின் நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செய்த 50 மி.மீ., எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார். மொத்தம் செய்ததே பத்து. அதில் மூன்று குப்ரிக்கிடம் வந்தது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இன்றைய சாதாரண கேமராக்களில்கூட ஐ.எஸ்.ஓ. 6400 உண்டு. 200லிருந்து 400, 800, 1600, 3200, 6400 என்று ஐந்து படி. லென்ஸ் பக்கம் அதே ஐந்து படியை எண்ணினால் 0.7லிருந்து 1, 1.4, 2, 2.8, 4. அதாவது குப்ரிக் நாசா லென்ஸைத் தேடிப் போய் எடுத்த அதே வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்தில், இன்றைக்கு ஒரு எஃப் 4 லென்ஸ் போதும்! பின்னணி அந்த அளவுக்குக் கலங்கி மங்காது, படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும், அவ்வளவுதான். முன்னெல்லாம் கண்ணாடி மட்டுமே செய்த வேலையில் பாதியைக் கேமராவுக்குள் இருக்கும் சென்சார் எடுத்துக்கொண்டுவிட்டது. கடையில் லென்ஸ் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வது அபூர்வம்.

இன்னொன்று. வேகம் வேண்டுமென்றால் லட்சம்தான் என்பதும் இல்லை. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் எல்லாக் கம்பெனியிலும் இருக்கும் மலிவான லென்ஸ்களில் ஒன்று. கேனான் 1990இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் உடம்பு 50 மி.மீ. லென்ஸில்தான் உலகம் பூராவும் எத்தனையோ பேர் படம் பழகினார்கள். எஃப் 5.6ஐவிட இதில் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வரும். ஜூம் கிடையாது. ஜூம் வேண்டுமென்றால் இரண்டு அடி முன்னால் நடக்க வேண்டும். கால் இருக்கிறது அல்லவா?

தாலி கட்டி முடிந்ததும் குரூப் போட்டோ. சித்தப்பா, பெரியப்பா, மாமன், அத்தை, பங்காளிகள் என்று மூன்று வரிசை. அங்கே எஃப் 2.8 வைத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை கலங்கலாகவும் வர வாய்ப்புண்டு. ஆல்பம் வந்ததும் "எங்க அண்ணன் மூஞ்சி ஏன் மங்கலா இருக்கு?" என்று ஒரு பெரிய மனுஷர் கேட்பார். பதில் சொல்லி மாளாது. அந்தப் படத்துக்கு எஃப் 8ம் ஒரு நல்ல ஃபிளாஷும்தான் வேண்டும். ஃபிளாஷ் லென்ஸைவிட எவ்வளவோ மலிவு.

புதுக் கேமரா மோகத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு போடலாம். கரிஷ்மா ஆல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் போட்டாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 3600க்கு 5400. சுமார் 19 மெகாபிக்சல். பல வருஷப் பழைய 24 மெகாபிக்சல் கேமராவே அதற்கு மிச்சம். 2018இல் கேனானும் நிக்கானும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களுக்குப் புது லென்ஸ் வாயைக் கொண்டுவந்தன. அதிலிருந்து ஆட்கள் பழையதை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கேமரா எடுத்த படம் ஒரே நாளில் மோசமாகிவிடவில்லை. அதன் விலைதான் இறங்கியது. கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இது கெட்ட செய்தியா என்ன?

கருவி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தமிழ்நாட்டுக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒருவர் மா. கிருஷ்ணன். திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர் பற்றி 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் படம் பிடித்தார். காட்டு விலங்குப் படம் என்றாலே இன்றைக்கு ஆளுயரத்துக்கு லென்ஸ் தூக்குகிறார்கள். கிருஷ்ணனின் கேமராவோ உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்றவை அவரே கோத்து மாட்டியது. அதைப் பார்த்த இயற்கையியலாளர் ஈ.பி. ஜீ, எங்கேயோ கம்பி போட்டுக் கட்டியிருக்கத்தான் வேண்டும் என்று கிண்டலாக எழுதி வைத்திருக்கிறார். கிருஷ்ணனே அந்த ஒட்டுக் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்!

அந்தக் கேமராவோடு காடு காடாகச் சுற்றினார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் புத்தகமாக வெளியிட்டது. அவர் எடுத்த படங்கள் 2006இல் 'ஐ இன் த ஜங்கிள்' என்று பெரிய புத்தகமாக வந்தன. யானை எப்போது திரும்பும், எப்போது காதை விரிக்கும், எவ்வளவு கிட்டத்தில் போனால் அதற்குப் பிடிக்காது என்பதெல்லாம் எந்த லென்ஸிலும் எழுதியிருப்பதில்லை. அவர் அதைப் படித்திருந்தார்.

"அவருக்கு நல்ல லென்ஸ் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக எடுத்திருப்பாரே" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். எடுத்திருக்கலாம். நல்ல கருவியால் கெடுதல் ஒன்றும் வராது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர். அவர் கையில் இருந்த லைக்கா மலிவான கேமரா இல்லை. ஆனால் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே வகை கேமரா, ஒரே 50 மி.மீ. லென்ஸ் என்றுதான் இருந்தார். நல்லதாக ஒன்று வாங்குவது வேறு. வருஷா வருஷம் மாற்றிக்கொண்டே இருப்பது வேறு.

மறுபடி அந்தத் தம்பியிடம் வரலாம். அவன் கேள்விக்குப் பதில் கடையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. செட்டிநாட்டில் கணக்கு என்றால் ஒரு மரியாதை உண்டு. கல்லூரிப் பாடப்புத்தகத்தில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று வருவதை இந்தப் பக்கத்துக் கடைகளில் 'ஐந்தொகை' என்பார்கள். பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து, அதற்குப் பிறகுதான் அடுத்த முதலீடு. பர்மாவரைக்கும் போய்த் தொழில் செய்தவர்களின் பழக்கம் அது. லென்ஸுக்கும் ஒரு ஐந்தொகை எடுத்துப் பார்க்கலாம்.

லென்ஸ் விலை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்குத்தான், கடை விலை மாறும். 14 சதவீத வட்டியில் இரண்டு வருஷத் தவணை. மாதம் 7,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 1,72,800. நாலு வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்? வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்குக் கழிக்கும் 15 சதவீதத் தேய்மானத்தையே வைத்தால் சுமார் 78,300. நிகரச் செலவு 94,500. வருஷத்துக்குச் சுமார் 23,600.

வருஷத்துக்கு 40 முகூர்த்தம் கிடைக்கும் ஆளுக்கு இது ஒரு கல்யாணத்துக்கு 590 ரூபாய். தாராளமாக வாங்கலாம். 12 முகூர்த்தம்தான் என்றால் ஒரு கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட 2,000. அதே லென்ஸ் ஒரு நாள் வாடகைக்கு 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்தால், வருஷத்துக்கு 24 நாளுக்குக் கீழே தேவைப்படுகிறவர் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம். வாடகை கூடினால் அந்த 24 குறையும், வாடகை குறைந்தால் கூடும். அவரவர் ஊர் நிலவரத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் சேராத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று வரி. கேமராவுக்கும் லென்ஸுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. பதிவு செய்த பெரிய ஸ்டுடியோக்காரர் கட்டிய வரியைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவருக்கு அந்த 18 சதவீதமும் கைச்செலவுதான். ஒரே லென்ஸ், ஒரே விலைச்சீட்டு, ஆனால் சின்ன ஆளுக்கு விலை அதிகம்!

இரண்டாவது, காலண்டர். ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் இல்லை. புரட்டாசியில் பல வீடுகளில் வைப்பதில்லை. அந்த மாதங்களில் மண்டபம் தூங்கும், லென்ஸ் பெட்டிக்குள் தூங்கும். தவணை மட்டும் தூங்காது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்கள் முழுகுவது முகூர்த்த மாதத்தில் இல்லை. ஆடி மாதத்தில்தான்.

அப்படியென்றால் எப்படி முடிவு செய்வது? இதற்குத் தம்பியிடமே ஒரு பேரேடு இருக்கிறது. அவனுக்குத்தான் தெரியாது. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளேயும் எந்த லென்ஸ், எத்தனை மி.மீ., எஃப் எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்று தானாகவே எழுதி வைக்கிறது. போன வருஷம் எடுத்த கல்யாணங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்று கேள்வி.

கெட்டுப்போன படங்கள் எதனால் கெட்டன? வெளிச்சம் போதாமல் ஆடியவை எத்தனை, ஃபோகஸ் தவறியவை எத்தனை, தப்பான இடத்தில் நின்றதால் யாரோ ஒருவரின் முதுகு மறைத்தவை எத்தனை? முதுகு மறைத்ததற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை.

லென்ஸைக் கடைசிவரை திறந்து, ஐ.எஸ்.ஓ.வையும் 6400 வரை ஏற்றி, அப்படியும் முடியாமல் போனது எத்தனை தடவை? ஐ.எஸ்.ஓ. 800இலேயே நின்றிருந்தால் குறை லென்ஸில் இல்லை, ஏற்றப் பயந்த கையில் இருக்கிறது.

அந்தப் படங்களால் ஆர்டர் போனதா? வீட்டுக்காரர்கள் அதைக் குறை சொன்னார்களா? அல்லது ஆல்பம் மூன்று மாதம் தாமதமானதைக் குறை சொன்னார்களா?

இந்தப் பேரேடு "வெளிச்சம்தான் குறை, நாள்களும் 24க்கு மேல்" என்று சொன்னால் தைரியமாக வாங்கலாம். அது ஆடம்பரம் இல்லை, தொழில் முதலீடு. அப்படிச் சொல்லவில்லை என்றால், 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றும், ஒரு ஃபிளாஷும், தேவைப்படும் நாளுக்கு வாடகை லென்ஸும் போதும். மிச்சப் பணம் ஆடி மாதத்துக்கு ஆகும். வளையல் அம்மா கையிலேயே இருக்கும்.

"பெரிய லென்ஸைப் பார்த்தால்தான் பார்ட்டி நம்புறாங்க" என்று கூட்டாளி சொல்வான். அதிலும் உண்மை இருக்கிறது. மண்டபத்தில் விருந்தாளிகள் கையில் எல்லாம் போன் இருக்கும்போது, கூலி வாங்குகிறவர் கையில் கொஞ்சம் பெரிதாக ஏதாவது இருக்கட்டும் என்று மனிதர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அது விளம்பரச் செலவு. அதை விளம்பரச் செலவு என்றே கணக்கில் எழுத வேண்டும். படத்தின் தரத்துக்கான செலவு என்று எழுதினால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளுக்குள் போனால் முகப்பைத் தாண்டியதும் சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள். ஓரம் பழுப்பேறியவை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், பக்கத்தில் நிற்கும் ஆச்சி, பின்னால் தீட்டிய திரை. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் இப்படிப்பட்ட பழைய படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தது. அந்தப் படங்கள் பொக்கிஷம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. எடுத்த லென்ஸ் எது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எடுத்தவர் பெயரே பல வீடுகளில் தெரியாது. "இது எங்க ஐயா" என்பது மட்டும் தெரியும்.

தம்பி எடுக்கும் படமும் ஒரு நாள் அப்படி ஒரு சுவரில்தான் போய் நிற்கப்போகிறது. அன்றைக்கு அதற்குக் கீழே எஃப் எண் எழுதி மாட்ட மாட்டார்கள். முகம் தெளிவாக இருக்கிறதா, மனிதர் மனிதர் மாதிரி இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதற்கு என்ன கருவி வேண்டுமோ அதைக் கட்டாயம் வாங்க வேண்டும். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை. அம்மாவின் வளையலை வைத்து ஆசைப்படலாமா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை காளையார்கோவில் கோபுரத்துக்கு முன்னால் யாராவது "என்ன லென்ஸுண்ணே?" என்று கேட்டால், கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிடலாம். கூடவே "எத்தனை மாசத் தவணை தம்பி?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள் :-)